ஒரே வீட்டுக்கு நான்கு விலை: வேலூர் வங்கிகளுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வேலூரில் வீட்டின் பேரில் கடன் தரும் வங்கிகளின் மேலாளர்களுக்கும், அவர்கள் அனுப்பி வீடு பார்க்க வரும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

"மதிப்பீட்டு அறிக்கை வங்கியின் உள் பயன்பாட்டுக்கானது. அதன் நகலை விண்ணப்பதாரருக்கு வழங்க இயலாது."

எங்கள் வீட்டைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டதற்கு, போன வாரம் உங்களில் ஒருவரின் கிளையிலிருந்து எனக்கு வந்த பதில் இவ்வளவுதான். அந்த அறிக்கைக்கான கட்டணம் 3,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 3,540 ரூபாய் என் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்பட்டது. வீடு எங்களுடையது, அளந்த கூலியும் எங்களுடையது, அளந்தவர் என்ன எழுதினார் என்று மட்டும் நாங்கள் பார்க்கக் கூடாதாம். இதைச் சும்மா விட மனசு வரவில்லை.

நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நான் முழு மார்க் போட்டதில்லை, விடை சரியாகவே இருந்தாலும். நீங்கள் என் வீட்டுக்குச் செய்திருப்பது அதுதான். விடை மட்டும் வந்திருக்கிறது.

விஷயத்தைச் சொல்கிறேன். சலவன்பேட்டைப் பக்கம், மலையடிவாரத்துக்குப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 20 அடி அகலம், 59 அடி நீளம், மொத்தம் 1,180 சதுர அடி மனை. அதில் கட்டிடம் 820 சதுர அடி. மண்டி வீதியில் தராசு பிடித்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பா 1962-ல் கட்டியது. அப்பா போன பிறகு வீடு அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் சமமாக வந்தது. தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவன் பிள்ளைக்குக் காலேஜ் செலவு, பங்கைக் கேட்கிறான். கேட்பது நியாயம்தான். 84 வயது அம்மாவை அந்த வீட்டிலிருந்து கிளப்புவதாக இல்லை. அதனால் நானும் வேலையில் இருக்கும் என் மகளும் சேர்ந்து வீட்டின் பேரில் கடன் வாங்கி, தம்பி பங்கைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அம்மாவும் தம்பியும் கையெழுத்துப் போடத் தயார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. வீடு எவ்வளவு பெறும்?

மே மாதம் முதல் வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். சின்ன வயசு. வாசலில் நின்று லேசர் கருவியால் முன்பக்க அகலத்தை அளந்தார். ஜி.பி.எஸ். முத்திரை விழுகிற மாதிரி நான்கு படம் எடுத்தார். நீளத்தைப் பத்திரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, "வெயில்ல நிக்கறியே, உள்ள வந்து பாருப்பா, மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். "டைம் இல்ல பாட்டி, இன்னும் மூணு வீடு இருக்கு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினோரு நிமிஷம். எனக்குப் பீரியடு பெல் பழக்கம், கடிகாரம் பார்த்துவிடுவேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கட்டிய 3,000-ல் அவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்தால் பதினோரு நிமிஷமே தாராளம் என்று தோன்றுகிறது.

அவர் போட்ட கணக்கை, மேலாளர் நல்ல மனதோடு கணினித் திரையைத் திருப்பிக் காட்டிய இரண்டு நிமிஷத்தில் பாஸ்புக் அட்டையில் குறித்துக்கொண்டேன். மனை சதுர அடி 2,400 ரூபாய், ஆக 28,32,000. கட்டிடம் புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 1,500, ஆக 12,30,000. ஆயுள் 60 வருஷம், வயது 63, எனவே ஆயுள் முடிந்தது. 90 சதவீதம் தேய்மானம் கழித்து, மிச்சம் 10 சதவீதம், 1,23,000. மொத்தம் 29,55,000. அதற்குக் கீழே இன்னொரு வரி: நெருக்கடி விற்பனை மதிப்பு, அதாவது அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை, அதில் 80 சதவீதம், 23,64,000.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. நான் சரிபார்த்தேன். ஆனால் 2,400 எங்கிருந்து வந்தது? "உள்ளூர் விசாரணையின்படி" என்று போட்டிருந்தது. யாரை விசாரித்தார்? எங்கள் தெருமுனை டீக்கடையில் காலையிலிருந்து இரவு வரை ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார், அவரைக்கூடக் கேட்கவில்லை. இன்னொரு வரியில் "சாலை வசதி: மோசம்" என்று இருந்தது. உண்மைதான், அன்றைக்குப் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேலூரில் எந்தத் தெருவை எந்த வருஷம் தோண்டவில்லை?

கட்டிடத்துக்கு 1,23,000 என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்தி வைத்துச் சுண்ணாம்பால் பிடித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டியது. பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் எட்டு நாள் தட்டினார்கள் என்று அம்மா சொல்வார். கடைசியில் தட்டோடு. இதுவரை இரண்டு முறை தட்டோடு மாற்றியிருக்கிறோம், ஓர் இடத்தில்கூட ஒழுகவில்லை. எதிர்வீடு 1998-ல் போட்ட கான்கிரீட் தளம். கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு உதிர்கிறது. உங்கள் அட்டவணைப்படி அந்த வீட்டுக்கு இன்னும் பாதி ஆயுளுக்கு மேல் பாக்கி, எங்கள் வீட்டுக்குக் காரியம் முடிந்துவிட்டது. மே மாதத்தில் எங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது, எதிர்வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்குத்தான் வருவார்கள். இந்த விவரத்துக்கு உங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. கொல்லைக் கிணற்றுக்கும் கிடையாது.

அப்புறம் இதைக் கேளுங்கள். பழைய மரம் வாங்கும் கடைக்காரர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். உத்தரங்களுக்கும் கட்டைகளுக்கும் மட்டும் 1,80,000 தருகிறேன், நாளைக்கே பிரித்துக்கொள்கிறேன் என்றார். அதாவது, வீட்டை இடித்துப் போட்டால் மரம் 1,80,000. மரமும் சுவரும் கதவும் கிணறும் சேர்ந்து ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடாக நின்றால் 1,23,000. எட்டாம் வகுப்புப் பையன் இப்படி ஒரு விடையைக் கொண்டுவந்தால், போய் மறுபடி போட்டுக்கொண்டு வா என்றுதான் அனுப்புவேன்.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது வங்கிக்குப் போனேன். வேறொரு மதிப்பீட்டாளர் வந்தார். அதற்குள் தெருவில் பள்ளத்தை மூடி சிமெண்ட் போட்டிருந்தார்கள். எங்கள் முன்வாசலுக்கு 2009-ல் டைல்ஸ் ஒட்டி, கிரில் கேட் வைத்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வயது 35 என்று எழுதிக்கொண்டார். மனை சதுர அடி 3,000, ஆக 35,40,000. கட்டிடம் 5,84,250. மொத்தம் 41,24,250. ஏழு வாரத்தில், ஒரு செங்கல்கூட வைக்காமல், எங்கள் வீடு 11,69,250 ரூபாய் கூடிவிட்டது!

இந்த வங்கியில் கேட்டவுடன் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அதில் வயது 35 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, 63 என்று நானே போய்ச் சொன்னேன். மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறோம் என்றார். ஃபைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி மற்ற இரண்டு விலை. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு எங்கள் தெருவுக்குச் சதுர அடி 1,600, மனைக்கு 18,88,000. டீக்கடை புரோக்கர் சொல்வது 5,000, ஆக 59 லட்சம்.

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காக அரசு போடும் எண், வீட்டைப் பார்த்துப் போடுவதில்லை. 2017 ஜூன் 9-ல் தமிழ்நாடு முழுக்க அதை ஒரே வெட்டாக 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். ஆறு வருஷம் எங்கள் வீடு மூன்றில் ஒரு பங்கு இளைத்திருந்து, ஒரே இரவில் பழைய உடம்புக்கு வந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

புரோக்கர் விலையையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு முழுக்க ஆஸ்பத்திரிக் கணக்கு. மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்க, பாபுராவ் தெரு, காகிதப்பட்டறை, தோட்டப்பாளையம் பக்கமெல்லாம் வீடுகளை அறை அறையாகத் தடுத்து, ஒரு கேஸ் அடுப்பு வைத்து, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம் என்றால் மனை விலை அந்த வாடகையைப் பார்த்து ஏறுகிறது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்துக்காரர்களுக்கு விசா குறைந்ததும் பல லாட்ஜுகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தோம். அந்த விலையும் காற்றடித்தால் ஆடும்.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களைக் குறை சொல்வது முறையில்லை. எங்கள் வீட்டுக்கு நான்கு வாசல் தள்ளி 1,050 சதுர அடி மனை போன வருஷம் கைமாறியது. 52 லட்சம் என்று தெருவுக்கே தெரியும். பத்திரத்தில் இருப்பது வழிகாட்டி மதிப்பு, 16,80,000. மிச்சம் ரொக்கம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது, இருந்தும் இப்படித்தான் நடக்கிறது. எங்கள் அப்பாவே மனையை வாங்கியபோது 1,500 கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் 1,100 என்று எழுதினார், அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்படி ஊரே சேர்ந்து பொய் விலை எழுதி வைத்த பத்திரங்களை நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தால் எப்படி உண்மை விலை வரும்? அதனால்தான் உங்கள் ஆட்கள் 1,600-க்கும் 5,000-க்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரமம் புரிகிறது. ஆனால் இன்னின்ன காரணத்தால் 2,400 என்று ஒரு வரி எழுதுவதில் என்ன சிரமம்?

இந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். தம்பியின் மூன்றில் ஒரு பங்கு புரோக்கர் கணக்கில் 19,66,667. முதல் வங்கிக் கணக்கில் 9,85,000. அந்த எண்ணைப் ஃபோனில் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அக்கா, மேனேஜர்கிட்ட சொல்லி நீயே குறைச்சுப் போட வச்சியா?"

குறைந்த மதிப்பால் லாபம் எனக்குத்தான், வாங்குகிறவள் நான். அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. "இந்தா, அறிக்கையைப் பார்" என்று நீட்ட என்னிடம் பாஸ்புக் அட்டையைத் தவிர எதுவும் இல்லை. அதில் இருப்பதும் என் கையெழுத்து. ஆடிப் பதினெட்டுக்கு வருவதாக இருந்தவன் வரவில்லை. அம்மா காரணம் கேட்கிறார், ஆபீசில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மதிப்பைக் கூட்டிப் போடுங்கள் என்று கேட்க நான் இந்த மடலை எழுதவில்லை என்பது இதிலிருந்து உங்களுக்குப் புரிய வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து படித்து ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு எங்களுக்குத் தேவை.

குறைத்துப் போட்டால் வங்கிக்குப் பாதுகாப்பு என்பீர்கள். கடன் கொடுக்கும் நாளில் சரி. கடன் தவறுகிற நாளில்? எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர் வீடு ஏலத்துக்கு வந்தது. கடன் தவறினால் அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருஷத்து சர்பாசி சட்ட விதிகளின்படி, ஏலத்துக்கு முன்னால் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கித்தான் ஆரம்ப விலை வைக்க வேண்டும். வைத்தார்கள். அந்த ஆளும் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனவர்தான். ஏலத்தில் வந்த பணம் கடனுக்கும் வட்டிக்குமே சரியாகப் போயிற்று. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம் உண்டு என்பது தையல் கடைக்காரருக்கு அந்த 45 நாள் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர், கணவன் மனைவி இருவருக்கும் அரசுச் சம்பளம், பத்திரம் சுத்தம். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பே ஃபைல் திரும்பி வந்தது. "அந்த ஏரியா நெகட்டிவ் லிஸ்ட்ல இருக்கு மேடம்" என்று வாயால் சொன்னார்கள், அதாவது கடன் தராமல் ஒதுக்கி வைத்த ஏரியாவாம். எழுத்தில் தரவில்லை. அது எந்த மாதிரி ஏரியா, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டைப் பார்க்காமலே போடும் பூஜ்யத்தை மதிப்பீடு என்று சொல்லாதீர்கள்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். முதலாவது, கட்டணம் கட்டிய விண்ணப்பதாரருக்கு மதிப்பீட்டு அறிக்கையின் முழு நகலைக் கேட்காமலே கொடுங்கள். கடன் தருவதும் மறுப்பதும் உங்கள் வணிக முடிவு, அதில் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனும் தலையிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையின் தாளைத் தர மறுப்பதை நான் சேவைக் குறைபாடாகத்தான் பார்க்கிறேன். முதல் வங்கிக்கு எழுத்துமூலமான புகாரை இந்த மடலோடு சேர்த்தே கொடுத்திருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்தில் மனுப் போடுவேன்.

மனைக்குச் சதுர அடி விலை எழுதும் இடத்தில், எந்தத் தெருவில், எந்த மாதம் நடந்த எந்த விற்பனையைப் பார்த்து எழுதினீர்கள் என்று குறைந்தது மூன்றைக் குறிப்பிடுங்கள். பத்திர விலையை நம்பவில்லை என்றால், நம்பவில்லை, இவ்வளவு கூட்டியிருக்கிறேன் என்றே எழுதுங்கள். கட்டிடத்தின் வயதை டைல்ஸைப் பார்த்து ஊகிக்காமல் வரி ரசீதையும் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு 60 வருஷ ஆயுளைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கொசப்பேட்டையிலும் வேலப்பாடியிலும் சைதாப்பேட்டையிலும் அந்த மாதிரி வீடுகள் இன்னும் நிற்கின்றன. உத்தரத்தில் கரையான் இருக்கிறதா, தளம் தொய்ந்திருக்கிறதா என்று உள்ளே வந்து பார்த்து, மிச்ச ஆயுளைக் கண்டதைக் கொண்டு எழுதுங்கள். உள்ளே வராமல் எழுதினால், "உள்ளே பார்க்கவில்லை" என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

மதிப்பு தவறென்று நினைப்பவர் அதே கிளையில் மறுமதிப்பீடு கேட்க ஒரு வழி வையுங்கள். இரண்டாவது கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம், முதல் அறிக்கை 20 சதவீதத்துக்கு மேல் பிசகியிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏரியாவைக் காரணம் காட்டித் திருப்பும் ஃபைலில் அந்தக் காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்புங்கள்.

எங்கள் வீட்டுக்கு மறுமதிப்பீடு கேட்டு இரண்டு வங்கிகளுக்கும் மனுக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்குள் யாரையாவது அனுப்புங்கள். வருகிறவர் மதியம் இரண்டு மணிக்கு வரட்டும், கூடத்தில் பத்து நிமிஷம் உட்காரட்டும். மாடிக்கு ஏற மர ஏணி சரிசெய்து வைத்திருக்கிறேன், உத்தரம் பார்க்க டார்ச் என்னிடம் இருக்கிறது. தம்பிக்கும் தேதியைச் சொல்ல வேண்டும், அதனால் இரண்டு நாள் முன்னால் ஃபோன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சலவன்பேட்டையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை